வீட்டு மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் 2 அடி முதல் 4 அடி வரையிலான வீட்டுத் தொட்டிகளுக்கானவை. கடல் மீன் வளர்ப்பு தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

ஊருணியில் ஃபில்டரா இருக்கிறது? தொட்டிக்கு மட்டும் எதற்கு?

ஊருணியிலும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அடிச் சேறு, கரையோரக் கோரை, அல்லி, தாமரை எல்லாம் அந்த வேலையைத்தான் பார்க்கின்றன. அத்தனை தண்ணீருக்கு மீனும் கொஞ்சம்தான். வீட்டுத் தொட்டியை அளந்து பாருங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் விளிம்பு தட்ட நிரப்பினாலும் சுமார் 56 லிட்டர். கல், மணல் போக, மேலே நாலு விரல் இடம் விட்டால் 45 லிட்டர் தேறினால் பெரிது. அதில் ஒரு டஜன் மீனை விட்டு இரண்டு வேளை இரையும் போட்டால், அந்தக் கழிவு எங்கே போகும்?

ஃபில்டரே இல்லாமல் வளர்க்கவே முடியாது என்றும் இல்லை. வாய் அகன்ற பெரிய சிமென்ட் தொட்டி, நிறையச் செடி, நாலைந்து கப்பி, கையளவுக்கும் குறைந்த இரை என்றால் நடக்கும். கண்ணாடித் தொட்டியில் அந்தக் கணக்கு ஓடாது.

ஃபில்டர் அழுக்கை வடிகட்டுகிறது, அவ்வளவுதானே?

அழுக்கை வடிகட்டுவது அதன் சின்ன வேலை. பெரிய வேலை வேறு. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். எச்சமும் மிஞ்சிய இரையும் அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் அதுவும் கட்டுக்குள் நிற்கும்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. பஞ்சு, கல், செராமிக் ரிங் என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. அவற்றுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், அதில் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஃபில்டர் வாங்குவது என்றால் இவை குடியிருக்க ஓர் இடம் வாங்குவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

சரி, எனக்கு எந்த ஃபில்டர்?

கடையில் முதலில் தொட்டி அளவைக் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, கரண்டு போனால் உங்கள் வீட்டில் என்ன ஏற்பாடு என்று. பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளும் உண்டு, மழைக் காற்றில் கம்பி அறுந்து இரவெல்லாம் இருட்டில் கிடக்கும் நாளும் உண்டு. நின்றால் சாகிற ஃபில்டர் ஒன்று, நின்றாலும் தாக்குப்பிடிக்கிற ஃபில்டர் ஒன்று. தேர்வை அங்கிருந்து தொடங்குங்கள்.

தாக்குப்பிடிப்பதில் முதலாவது ஸ்பான்ஞ் ஃபில்டர். ஒரு ஏர் பம்ப், ஒரு டியூப், ஒரு ஸ்பான்ஞ், மொத்தச் சாமானும் இவ்வளவுதான். காற்றுக் குமிழ்கள் நடுக்குழாய் வழியே மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, சுற்றியுள்ள தண்ணீர் ஸ்பான்ஞ் வழியே உள்ளே வரும். கரண்டு நின்றாலும் ஸ்பான்ஞ் தொட்டித் தண்ணீரிலேயே திறந்தபடி இருப்பதால் பாக்டீரியாவுக்குச் சில மணி நேரம் மூச்சு கிடைக்கும். குஞ்சு மீனை உறிஞ்சாது, இறாலுக்கும் பயமில்லை. 2 அடி தொட்டியில் கப்பி, மோலி, பிளாட்டி, டெட்ரா, கவுராமி வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கழுவலாம். பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மைதான். பின்னால் ஒரு செடியை வைத்து மறைத்துக்கொள்ளலாம்.

கோல்டு ஃபிஷ், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் மாதிரி தின்றுகொண்டே கழிக்கும் மீன்களுக்கு ஸ்பான்ஞ் மட்டும் காணாது. 3 அடி தொட்டியும் டாப் ஃபில்டரும் நல்ல ஜோடி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அது தட்டில் உள்ள பஞ்சு, செராமிக் ரிங் வழியே இறங்கி மறுபடி தொட்டியில் விழும். விழும்போதே காற்றும் கலந்துவிடும். மூடியைத் தூக்கி, மேல் பஞ்சை எடுத்து அலசி வைத்தால் வேலை முடிந்தது. குனிய வேண்டாம், குழாயைக் கழற்ற வேண்டாம். நம்மூரில் இதை ஏனோ மட்டமாகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய மீனுக்கு இதைவிடச் சுலபமானது இல்லை.

பின்பக்கக் கண்ணாடியில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டரும் நல்லதுதான், ஒரே ஒரு நிபந்தனையோடு. சித்திரை வெயிலில் தண்ணீர் மட்டம் கிடுகிடுவென்று இறங்கும். உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்க ஆரம்பித்தால், கரண்டு போய் வந்த பிறகு சில மாடல்கள் தானாகத் தண்ணீரை ஏற்றாது. மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடாகும். தினமும் மட்டத்தைப் பார்க்கிற ஆள் வீட்டில் இருந்தால் வாங்கலாம்.

கேனிஸ்டர் கீழே அலமாரிக்குள் வைக்கும் மூடிய டப்பா. இடம் நிறைய, மீடியா (பஞ்சு, செராமிக் ரிங் போன்றவை) நிறைய, சத்தம் குறைவு, செடித் தொட்டிக்கு அருமை. ஆனால் மூடிய டப்பா என்பதுதான் சிக்கலும். கரண்டு போனதும் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். பல மணி நேரம் கழித்துக் கரண்டு வரும்போது அந்த நாறிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு கேனிஸ்டர் வேண்டாம். இருக்கிறவர்களும், நீண்ட நேரம் நின்றுபோனால், சுவிட்சை அணைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு ஓட்டுங்கள்.

கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு போடும் அண்டர் கிராவல் முறை பழைய ஆட்களுக்குப் பிடிக்கும், வேலையும் செய்யும். ஆனால் அழுக்கு தட்டுக்கு அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் தொட்டியையே பிரிக்க வேண்டி வரும். நைஸ் மணல் போடுபவர்களுக்கும் செடி வைப்பவர்களுக்கும் ஆகாது. சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டியையே ஃபில்டராக வைப்பது, 4 அடிக்கு மேல் யோசிக்க வேண்டியது. கரண்டு போனால் மேலிருந்து வடியும் தண்ணீர் நிற்க கீழ்த் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை சுவிட்சை அணைத்தே பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் “மணிக்கு 1000 லிட்டர்” என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

தொட்டித் தண்ணீர் மொத்தமும் மணிக்கு நாலு முதல் ஆறு முறை ஃபில்டர் வழியே போய் வர வேண்டும் என்பது பொதுவான அளவு. 150 லிட்டர் தொட்டிக்கு 600 முதல் 900 லிட்டர். ஆனால் பெட்டியில் இருக்கும் எண், உள்ளே மீடியா எதுவும் இல்லாமல், மேலே ஏற்றாமல் எடுத்த அளவு. பஞ்சு அடைத்து, அதில் அழுக்கும் சேர்ந்த பிறகு அதில் கணிசமாகக் குறையும். அதனால் ஒரு படி பெரிதாக வாங்குவது தப்பில்லை. ஃபைட்டர் மீனுக்கும் வால் நீண்ட கோல்டு ஃபிஷுக்கும் மட்டும் இழுப்பு ஆகாது. செடிக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றால், ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். காற்றில் ஓடும் ஸ்பான்ஞ் ஃபில்டருக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. ஃபில்டர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. கரைந்திருக்கும் உப்பையும் சுண்ணாம்பையும் மீன் தொட்டி ஃபில்டர் எடுக்காது.

ஆனால் கடினத் தண்ணீர் வேறு ஒரு வழியில் ஃபில்டர் விஷயத்துக்குள் வருகிறது. சோப்பு நுரைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீரில் பெரும்பாலும் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 7 நடுநிலை) 7-க்கு மேல் இருக்கும். பி.எச். ஏற ஏற, வெப்பம் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா அதிக விஷமாகும். 30 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 என்றால் அது ஏழெட்டுப் பங்கு. மலைப்பிரதேசத்து நண்பர் சின்ன ஃபில்டரை வைத்துச் சமாளிக்கிறார் என்பதற்காக நாமும் அதையே வாங்கினால் வைகாசியில் மாட்டிக்கொள்வோம். வெப்பம் ஆக்சிஜனையும் குறைக்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையக்கூடிய ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 அளவுக்கு வந்துவிடும். அதனால்தான் எந்த ஃபில்டர் வைத்தாலும் கூட ஒரு காற்றுக் குழாய் போடுங்கள் என்று சொல்வது.

கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் நன்றாகவே இருக்கும். உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது, மீனுக்கு ஏற்ப தண்ணீரை மாற்றுவதைவிட எளிது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள், தாதுக்கள் எல்லாம் போன தண்ணீர் அது.

சம்பை ஊற்றுத் தண்ணீர்தான் எங்களுக்குக் குழாயில் வருகிறது. அப்படியே ஊற்றலாமா?

குடிக்க ருசியான தண்ணீர் என்று காரைக்குடிக்காரர்கள் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் குழாயில் வரும்போது குளோரின் கலந்திருக்கலாம். குளோரின் மீனின் செவுளையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஒருசேரக் கெடுக்கும். ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓட்டி, பிறகு ஊற்றுங்கள். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஹைப்போ, அல்லது ஆன்டி குளோரின் சொட்டு மருந்து.

முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீர் சுத்தமானதுதானே?

சுத்தம்தான், பிடித்த பாத்திரத்தைப் பாருங்கள். முற்றத்து மூலையில், தகரத் தூம்புக்கு நேர்கீழே, அந்தக் காலத்துச் செம்புக் கிடாரத்தையோ பித்தளை அண்டாவையோ வைத்துப் பிடிப்பது பல வீடுகளில் பழக்கம். மீனுக்கு அது வேண்டவே வேண்டாம். மிகச் சிறிய அளவு செம்பு கரைந்தாலே இறாலும் நத்தையும் செத்துப்போகும், மீனின் செவுளும் பாதிக்கப்படும். மழைத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் புளிப்புத் தன்மையும் உண்டு என்பதால் செம்பு அதில் இன்னும் எளிதாகக் கரையும். பித்தளையிலும் பெரும்பகுதி செம்புதான். ஈயம் பூசியிருந்தாலும் தேய்ந்த இடம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். முதல் மழையில் ஓட்டு அழுக்கு வரும், அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மழைத் தண்ணீரை மட்டுமே வைத்துத் தொட்டி நடத்தினால் ஃபில்டர் மெல்லப் படுத்துவிடும். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரில் உள்ள கார்பனேட்டையும் செலவழிக்கிறது. அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட் அளவுக்கு அது போகும். மழைத் தண்ணீரில் அந்த இருப்பே கிடையாது. பி.எச். சரிந்து 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலையும் சுணங்கிவிடும். போர் தண்ணீரும் மழைத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் குறையும் தீரும்.

கரண்டு போனால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் இரை போடுவதை நிறுத்துங்கள். மீன் ஒருநாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் காற்று கலக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. பம்பும் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் லைனில் ஃபில்டரைக் கொடுப்பதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் சில மோட்டார்கள் உறுமும், சூடாகும்.

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்றவுடன் தண்ணீர் டியூப் வழியே திரும்பி வந்து பம்பிலும், அதன் கீழே உள்ள தேக்கு அலமாரியிலும் இறங்கும். பம்பை மேலே வையுங்கள், இல்லையென்றால் டியூபின் நடுவில், ஒரு பக்கம் மட்டும் வழி விடும் செக் வால்வு ஒன்று போடுங்கள். விலை கொஞ்சம்தான். அம்பு போட்ட பக்கம் தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் காற்றே வராது.

ராத்திரி ஏர் பம்ப் சத்தம் வீட்டு ஆச்சிக்கு ஆகவில்லை. அணைத்துவிட்டால் என்ன?

அணைக்காதீர்கள். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடியற்காலையில்தான் தொட்டியில் அது மிகக் குறைவாக இருக்கும். உயர்ந்த கூரையும் வழுவழுத்த தரையுமாக இருக்கும் வளவில் சின்ன ரீங்காரமும் எதிரொலிக்கும் என்பது உண்மை. பம்பை மரப்பலகையில் வைக்காமல் தடிமனான ஸ்பான்ஞ் மேல் வையுங்கள், சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிச் சத்தம் போய்விடும். குழாய் வாயில் குமிழ் வெடிக்கும் சத்தம்தான் தொல்லை என்றால், ஸ்பான்ஞ் ஃபில்டரின் உள்ளே ஒரு ஏர் ஸ்டோன் போடுங்கள். குமிழ் பொடிப்பொடியாக வரும்.

செலவை நினைத்தும் அணைக்க வேண்டாம். 5 வாட் ஏர் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். 20 வாட் மோட்டார் 14.4 யூனிட்.

முற்றத்து வெளிச்சத்தில் தொட்டி வைத்தால் தண்ணீர் பச்சையாகிறது. பெரிய ஃபில்டர் வாங்கட்டுமா?

வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பச்சைத் தண்ணீர் என்பது மிதக்கும் நுண்பாசி. அது எந்தப் பஞ்சிலும் சிக்காத அளவு சிறியது. நேர் வெயில் படாத பட்டாலைப் பக்கம் நகர்த்தினாலே பாதி சரியாகும். நகர்த்த முடியாது என்றால் யு.வி. விளக்கு வைத்த ஃபில்டர்தான் வழி.

நகர்த்துவதும் சின்ன வேலை அல்ல. 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் தண்ணீரே 159 கிலோ வரை வரும். கல், கண்ணாடி, ஸ்டாண்ட் சேர்ந்தால் 200-ஐத் தாண்டும். காலி செய்துவிட்டு நகர்த்துங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் இரும்பு ஸ்டாண்டை நேரே வைக்காதீர்கள். சொட்டுகிற தண்ணீரில் காலடி துருப்பிடித்து, கல்லில் பழுப்பு வளையம் இறங்கிவிடும். சிமென்ட் கல் என்பதால் அந்தக் கறை உள்ளே ஊறும், தேய்த்தால் போகாது. காலுக்கு அடியில் ரப்பர் ஷீட்டும் அதன் மேல் பலகையும் போடுங்கள்.

தண்ணீர் பளிங்காக இருக்கிறது, மீன் மட்டும் சாகிறது. ஏன்?

அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் இல்லை. புதுத் தொட்டி என்றால் அனேகமாக இதுதான் காரணம். பாக்டீரியா வந்து குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன், இரை கொஞ்சம், அடிக்கடி தண்ணீர் மாற்றம். சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், இன்னொரு மீன் வாங்கும் காசுக்கு அது உருப்படியானது. சீக்கிரம் ஆக வேண்டுமா? நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பான்ஞ் ஒன்றை ஈரத்தோடு வாங்கிவந்து போடுங்கள்.

ஃபில்டரில் கார்பன் (கரித்துண்டு) போட்டால் அம்மோனியா போகும் என்பது தவறு. அது நிறத்தையும் வாடையையும் மருந்தையும்தான் எடுக்கும். சியோலைட் என்ற கனிமக் கல் அம்மோனியாவைப் பிடிக்கும். ஆனால் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று கல்லுப்பைப் போட்டால், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

ஃபில்டரை எப்படிக் கழுவுவது?

தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே கழுவுங்கள். ஒரு வாளியில் அதைப் பிடித்து, ஸ்பான்ஞ்சைப் புளி கரைப்பது போல நாலைந்து முறை அமுக்கிப் பிழியுங்கள். பழுப்பாக ஒரு கசடு வரும். அது போதும். வெள்ளை வெளேரென்று ஆகும் வரை குழாயடியில் தேய்ப்பவர்கள், குடியிருந்த பாக்டீரியாவை எல்லாம் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். சோப்புத் தூள் கிட்டவே வரக்கூடாது. செராமிக் ரிங்கைச் சும்மா அலசினால் போதும், மாதாமாதம் புதிது வாங்க வேண்டியதில்லை. ஓட்டம் குறைந்தால் கழுவுங்கள், தேதி பார்த்துக் கழுவ வேண்டாம்.

சக்கர் மீன் விட்டால் ஃபில்டர் வேலை மிச்சம்தானே?

இல்லை. அது பாசியைச் சுரண்டும், பதிலுக்கு மலையாகக் கழிக்கும். ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஊருணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மீன் அது, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கல்யாணம், திருவிழா என்றால்தான் ஊருக்கு வருவோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரை நம்பித் தொட்டி வைக்கலாமா?

வைக்கலாம், மீன் குறைவாக இருந்தால். இரண்டு ஸ்பான்ஞ் ஃபில்டர், இரண்டும் தனித்தனி ஏர் பம்பில். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். கேனிஸ்டர், சம்ப் எதுவும் வேண்டாம், பிரச்சினை வந்தால் தொலைபேசியில் சொல்லித் தீர்க்க முடியாதவை அவை. ஃபில்டரைவிடப் பெரிய ஆபத்து இரை. பாவம், பசிக்குமே என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அள்ளிப் போட்டுவிடுவார். ஒருநாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துப் பூட்டிவிடுங்கள்.

என்னென்ன உதிரி சாமான் வாங்கி வைத்துக்கொள்ளலாம்?

ஏர் பம்புக்கு ஒரு ரப்பர் டயாஃப்ராம், அதுதான் முதலில் கிழியும். காற்று குறைந்துவிட்டது என்று பம்பையே தூக்கிப் போடுபவர்கள் இதைத்தான் மாற்ற வேண்டும். அப்புறம் ஒரு செக் வால்வு, இரண்டு மீட்டர் டியூப், உங்கள் மோட்டார் மாடலுக்கு ஏற்ற ஓர் இம்பெல்லர் (மோட்டாருக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறி). மதுரைக்கோ சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்கோ போகும்போது மாடல் எண்ணை எழுதி எடுத்துப்போங்கள். கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் இம்பெல்லர் உள்ளே போய் உட்காராது.